பழைய காரில் வெப்ப முள் மேலே போனால்: அறிகுறி பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பழைய கார் சூடாகிறது என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது? சிக்னலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் ஓடும்போதா, ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடத்திலா, ஏசி போட்டால் மட்டுமா? இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), பம்ப், ரேடியேட்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாம் புதிதாக இருக்கும், வண்டி மட்டும் பழையபடியே சூடாகும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், கையைக் கடிப்பது கடைசியில். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முள் இப்போதே சிவப்பில் நிற்கிறது

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரை முழு வேகத்தில் போடுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உள்ளே உட்கார முடியாது, ஆனால் முள் கொஞ்சம் இறங்கும். அப்படியே பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள்.

ஓரம் கட்டியதும் மூன்றில் ஒன்று நடக்கும்:

- ஆவி வருகிறது, அல்லது கீழே ஒழுகுகிறது. எஞ்சினை உடனே நிறுத்துங்கள். வேறு யோசனையே வேண்டாம்.
- ஆவியும் இல்லை, ஒழுகலும் இல்லை. நியூட்ரலில் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்பிஎம் அளவில் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். பம்ப் தண்ணீரைச் சுற்றவிடும். முள் இறங்கினால் சரி, இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.
- சிவப்பில் இருந்த முள் சட்டென்று அடியில் விழுகிறது. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள்தான் எஞ்சினை இழப்பவர்கள். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) வற்றி, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள்.

ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்ட வண்டியில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியே அழுத்தம் போய், அவ்வளவும் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது விடுங்கள். ரேடியேட்டரின் மேல்பக்கத்தை எஞ்சினோடு இணைக்கும் மேல் ஹோஸைப் பிடித்தால் கை சுடக்கூடாது, அமுக்கினால் மெத்தென்று அமுங்க வேண்டும். அதற்குப் பிறகும் தடித்த துணியைப் போட்டு, முதல் கட்டம் வரை மட்டும் திருப்பி, சீறல் நின்றபின் முழுதாகத் திறங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) கோணிக்கொள்ளும், சில நேரம் விரிசலே விடும்.

## முள் சொல்வது உண்மையா?

பழைய வண்டியில் எஞ்சினைச் சந்தேகப்படுவதற்கு முன் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும். வயரும் எர்த்தும் இருபது வருடம் பழையதாகிவிட்டால் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

தொடாமல் வெப்பம் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும். மேல் ஹோஸ் எஞ்சினில் சேரும் இடத்தில், தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் உலோகக் கூட்டைக் குறி வையுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் நேராக அடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு, டேப்பின் மேல் அளவு எடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும், மின்விசிறி 92 முதல் 98 டிகிரிக்குள் ஓடத் தொடங்கும். ஆகவே 85 முதல் 100 வரை எது காட்டினாலும் எஞ்சின் நலமாகத்தான் இருக்கிறது. முள் சிவப்பில், தெர்மாமீட்டரில் 90 என்றால் பழுது மீட்டர் பக்கம்.

பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறியிருக்கிறதா? இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பல பழைய வண்டிகளில் இந்த இரண்டு முள்ளுக்கும் டேஷ்போர்டின் பின்னால் உள்ள ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் மின்சாரம் கொடுக்கும். அது கெட்டாலோ அதன் எர்த் விட்டுப்போனாலோ இரண்டு முள்ளும் ஒன்றாக மேலே போகும். டேங்க் பாதி இருக்கும்போது முக்கால் காட்டி, வெப்பமும் சிவப்பைத் தொட்டால் பானட்டைத் திறக்கவே வேண்டாம்.

ஹெட்லைட் போட்டதும் முள் நகர்கிறதா? எர்த் கோளாறு. பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயர்களைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் போடுங்கள்.

இரண்டும் இல்லையா? மீட்டருக்குப் போகும் சென்சாரின் ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் முள் அடிக்குப் போய்விட வேண்டும். போகாமல் மேலேயே நின்றால் வயர் எங்கோ உரசி பாடியில் பட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது மீட்டரே போயிருக்கிறது. அடிக்குப் போனால் சென்சாரை மாற்றுங்கள், மலிவான பொருள்தான். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்த காலத்து வண்டிகளில் மீட்டருக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று இரண்டு சென்சார் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எது எது என்று வயரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு கழற்றுங்கள்.

ஓடி வந்து நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைப் போட்டால் முள் முன்பைவிட மேலே நிற்பது பழுதல்ல. பம்ப் நின்றதும் உலோகத்தின் சூடு அசையாத தண்ணீரில் ஏறுகிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டால் விட்டுவிடுங்கள்.

## நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

போக்குவரத்து நெரிசலில் முள் மேலே போய், வேகம் எடுத்ததும் தானாக இறங்கினால் தண்ணீர்ப் பக்கம் பெரிய குறை இல்லை. நிற்கும்போது காற்று வரவில்லை, அவ்வளவுதான். விசிறியைப் பாருங்கள்.

### மின்விசிறி உள்ள வண்டி

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் விசிறி ஓட வேண்டும்.

ஏசி போட்டால் ஓடுகிறது, வெப்பத்துக்கு ஓடவில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது (ஏசிக்குத் தனி விசிறி உள்ள வண்டி என்றால் எந்த விசிறி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்). பழைய வண்டிகளில் ரேடியேட்டரின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு தெர்மோ சுவிட்ச் திருகியிருக்கும். அதன் இணைப்பைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள், சாவி ஆன் நிலையில். விசிறி சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது, மாற்றினால் முடிந்தது. கம்ப்யூட்டர் மூலம் விசிறி ஓடும் வண்டியில் இப்படி இணைக்காதீர்கள். அங்கே விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயைத்தான் சோதிக்க வேண்டும்.

எதற்குமே ஓடவில்லை. ஃபியூஸ் முதலில். அது நன்றாக இருந்தால் ரிலே: அதே ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கோ வேறெதற்கோ உள்ள அதே எண் ரிலேயை எடுத்து இங்கே மாற்றிப் போடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். சுற்றினால் வயரில் குறை. சுற்றாமல், மோட்டாரை லேசாகத் தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் தேய்ந்துவிட்டது, மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஓடுகிறது, ஆனாலும் சூடு இறங்கவில்லை. ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தை வையுங்கள். விசிறி அதை ரேடியேட்டரோடு இழுத்து ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டாமல் கீழே விழுந்தால் விசிறி மெதுவாக ஓடுகிறது, அல்லது மோட்டார் மாற்றியபோது வயரைத் திருப்பிக் கொடுத்து எதிர்த்திசையில் சுற்றவிட்டிருக்கிறார்கள். பார்வைக்கு வேகமாகத்தான் சுற்றும், காற்றைத் தப்பான பக்கம் தள்ளும். புது மோட்டார் போட்டபின் சூடு தொடங்கிய வண்டி என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பல வண்டிகளில் எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும். அந்தப் பக்கம் விரலை நீட்டும் முன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

### பெல்ட்டில் ஓடும் விசிறி

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு விசிறியைக் கையால் சுண்டிவிடுங்கள். நடுவில் உள்ள சிலிக்கான் எண்ணெய் க்ளட்ச் நன்றாக இருந்தால் கனமாக, தயங்கித் திரும்பி உடனே நிற்கும். தடையே இல்லாமல் பல சுற்றுப் போனால் க்ளட்ச் போய்விட்டது. அதன் முகப்பில் மையத்திலிருந்து வெளிப்புறமாக எண்ணெய்க் கோடுகள் தூசியோடு படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏதோ ஒரு வேலையின்போது கழற்றிய கூட்டைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது சகஜம். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில் பக்கத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

## ஊருக்குள் சரி, வேகத்திலோ மேட்டிலோ ஏறுகிறது

இது முந்தையதற்கு நேர் எதிர். காற்று தாராளமாக வருகிறது, தண்ணீர் போதவில்லை. எஞ்சின் அதிகச் சூட்டை உண்டாக்கும்போது, அதை வெளியே கொண்டுபோகும் அளவுக்குத் தண்ணீர் சுற்றவில்லை, அல்லது ரேடியேட்டர் சூட்டை விடவில்லை.

கூலன்ட் அளவு. குளிர்ந்த எஞ்சினில், ரிசர்வ் டேங்கைப் பார்த்து நிறுத்திவிடாமல் ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். டேங்க் நிறைந்திருக்க, ரேடியேட்டர் பாதி காலியாக இருப்பது பழைய வண்டியில் அடிக்கடி நடக்கும். மூடியின் ரப்பரோ உள் வால்வோ கெட்டால், வெளியே தள்ளிய கூலன்டை வண்டி ஆறும்போது திரும்ப உறிஞ்ச முடியாது.

மூடி. ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே அச்சிட்ட எண், 0.9 அல்லது 1.1 போல, உங்கள் வண்டிக்கானதா? சந்தேகம் என்றால் சோதிப்பதைவிடப் புதிது வாங்குவது சுலபம். காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டியிருந்தால் மூடியின் உள் வால்வு அடைத்திருக்கிறது.

ரேடியேட்டரின் முகம். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் டார்ச் அடியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், உள்ளே பூச்சி, இலைத்தூள், எண்ணெய் கலந்த தூசி என்று கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகில் பிடித்தால் தகடுகள் எல்லாம் மடிந்து, முன்பிருந்ததைவிட மோசமாகும். விரலால் தொட்டதும் தகடுகள் உதிர்ந்தால் அந்த ரேடியேட்டரைக் கழுவிப் பயனில்லை.

கீழ் ஹோஸ். இதை நேரில் பார்க்காமல் பலர் நம்ப மாட்டார்கள். எஞ்சின் சூடானபின், உதவிக்கு ஒருவரை வைத்து 3000 ஆர்பிஎம் வரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைக் கவனியுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. சில வண்டிகளில் அந்த ஹோஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அது துருப்பிடித்துக் கரைந்துபோனாலோ ரப்பர் ஊறிப்போனாலோ, மிதித்ததும் ஹோஸின் இரண்டு பக்கமும் கண் முன்னே உள்வாங்கி ஒட்டும். காலை எடுத்ததும் பழையபடி உருண்டையாகிவிடும். ஐடிலிங்கில் எந்தக் குறையும் தெரியாததற்கு இதுதான் காரணம். பம்ப், ரேடியேட்டர் எல்லாம் மாற்றியும் தீராத எத்தனையோ சூடு இந்த ஒரு ஹோஸோடு தீர்ந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் பாதி அடைத்திருந்தாலும் உறிஞ்சல் கூடி ஹோஸ் ஒட்டலாம். புது ஹோஸும் ஒட்டினால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

உள்ளே அடைத்த ரேடியேட்டர். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் மேல் வரிசை வரிசையாக ஓட்டுங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை வெப்பம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. கூலன்ட் துரு நிறத்தில் இருந்தால் முதலில் ஃப்ளஷ் செய்து, அதாவது தண்ணீர் பாய்ச்சி உள்ளே கழுவிப் பாருங்கள். பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிக்கு ஃப்ளஷ் முழுதாகக் கைகொடுக்காது, ரேடியேட்டரை மாற்ற வேண்டியிருக்கும். பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடியும், அது ரேடியேட்டர் பட்டறைக்காரர் வேலை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்ததற்கு மாற்றுவதே வழி.

பெல்ட்டும் பம்பும். பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் போகலாம். அதைவிடத் தொளதொளத்தால் மிதிக்கும்போது வழுக்கும். பம்ப் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பம்புக்குள் இருக்கும் இறக்கைகள் துருப்பிடித்துக் கரைந்தாலும், பிளாஸ்டிக் இறக்கை தண்டில் வழுக்கினாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ரேடியேட்டர் மூடி உள்ள வண்டியில் குளிர்ந்த எஞ்சினை மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் உள்ளே பாருங்கள். தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓட்டம் தெரிந்ததும் எஞ்சினை நிறுத்திவிடுங்கள், பொங்கும் வரை காத்திருக்காதீர்கள். மேல் ஹோஸ் சூடாகியும் அசைவே இல்லையென்றால் பம்பைக் கழற்ற வேண்டும். பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டியானால் இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெல்ட் ஒரு பல் தள்ளிப் போட்டாலும் சேதம் பெரிது. அங்கே கை வைக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

தண்ணீர் எல்லாம் சரி, இன்னும் சூடா? டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் இக்னிஷன் டைமிங் (ப்ளக் தீப்பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் சூடாகும். அந்த நேரத்தை முன்னே தள்ளும் வேக்குவம் அட்வான்ஸின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஓடி நின்றதும் நான்கு சக்கர மையங்களுக்கு அருகில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது.

## ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறுகிறது

கூலன்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்கள் என்றால், சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். முள் பாதியைத் தாண்டிப் போகும்போது மேல் ஹோஸைத் தொடுங்கள். எஞ்சின் கொதிக்கிறது, ஹோஸ் வெதுவெதுப்புகூட இல்லை என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டது.

குளிர்ந்தபின் கழற்றி, நூலில் கட்டி, ஒரு பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை நெருங்கும்போது வட்டு மெல்ல நகரத் தொடங்கும், இன்னும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் கீற்றளவு மட்டும் திறந்தால் அது பாதி செத்தது. வேகத்தில் மட்டும் சூடாகும் வண்டிகளிலும் இந்தப் பாதி செத்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் உள்ள பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். சிறு ஊசி தொங்கும் துளை இருந்தால் அது மேல்பக்கம், காற்று வெளியேற. கேஸ்கட் புதிது போடுங்கள்.

“தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிப் போட்டுடலாம்” என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது வட்டு ஒன்று இருக்கும். எஞ்சின் சூடானதும் பைபாஸ் வழியை அது அடைக்கும். மொத்தத்தையும் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும், சூடு கூடத்தான் செய்யும். பைபாஸ் வட்டு இல்லாத எஞ்சினில் நேர்மாறு: எப்போதும் குளிராகவே ஓடி எரிபொருள் குடிக்கும், எஞ்சின் தேயும்.

புது தெர்மோஸ்டாட் போட்டும் மேல் ஹோஸ் குளிராகவே இருந்தால் காற்று அடைத்திருக்கிறது. அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## முள் ஏறி ஏறி இறங்குகிறது

முள் மேலே போகும் நேரத்தில் ஹீட்டரைப் போடுங்கள். எஞ்சின் சூடாக இருக்க, ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே காற்று நிற்கிறது அல்லது கூலன்ட் குறைவு. ஹோஸ், பம்ப் என்று எதைத் திறந்து மூடினாலும் இது வரும்.

காற்றை எடுக்க வண்டியின் முன்பக்கம் உயரும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில். ஹோஸிலோ தெர்மோஸ்டாட் கூட்டிலோ காற்று விடும் திருகு இருந்தால் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை ரேடியேட்டரில் மெதுவாக ஊற்றுங்கள். பிறகு திருகை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடுக்கென்று இறங்கும், மேலும் ஊற்றி மூடியைப் போடுங்கள். முழுதாக ஆறியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் கேட்கும். கூலன்டும் மினரல் நீக்கிய தண்ணீரும் பாதிக்குப் பாதி.

காற்றை எடுத்த சில நாளில் திரும்பவும் காற்று சேர்ந்தால் அது எங்கிருந்தோ வருகிறது. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது

இரவில் வண்டியின் அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் மேலே எங்கே தேட வேண்டும் என்று தெரியும். தெளிந்த தண்ணீர் மட்டும் என்றால் ஏசியிலிருந்து வந்தது, கவலை வேண்டாம்.

- ஹோஸ் முனைகள், க்ளாம்ப்: காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்து நிற்கும்.
- ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு.
- பம்ப்: தண்டுக்கு அடியில் ஒரு சிறு துளை உண்டு. சீல் போனால் அதன் வழியாகத்தான் கசியும். துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு கறைக்கோடு இறங்கியிருந்தால் பம்பை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. அந்தத் துளையை அடைப்பது தீர்வல்ல.
- கால் மிதியடி ஈரம், உள்ளே இனிப்பான வாடை, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்: ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது. டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டிய வண்டி என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எதுவும் கண்ணில் படாவிட்டால் கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டரை மூடிக்குப் பதிலாக மாட்டி, மூடியில் எழுதிய அழுத்தம் வரை ஏற்றுங்கள். பத்து நிமிடம் முள் அசையக்கூடாது. முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது.

ஒழுகலை அடைக்கும் பொடியையும் திரவத்தையும் நான் ஆதரிப்பதில்லை. ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது, ஓட்டை எது என்று தெரியாது. கீழே சிந்திய கூலன்டைக் கழுவிவிடுங்கள். பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகோல் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றுக்குக் கொடிய விஷம்.

## ஏசி போட்டால் மட்டும்

கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தன் சூட்டையும் சேர்த்து அதன் மேல் ஊதுகிறது. நன்றாக இருக்கும் அமைப்பு இதைத் தாங்கும். தாங்கவில்லையென்றால் முதலில் இடுக்கில் அழுக்கு, அடுத்து ஏசிக்கான இரண்டாவது விசிறி ஓடுகிறதா, பிறகு ரேடியேட்டரின் உள் அடைப்பு. சமீபத்தில் கேஸ் நிரப்பிய பிறகு தொடங்கியது என்றால் அளவுக்கு மேல் நிரப்பியிருக்கலாம். அதை ஏசி மெக்கானிக்தான் அளந்து சரிசெய்ய வேண்டும்.

## எல்லாம் சரி, ஆனாலும் கொதிக்கிறது

இங்கே வந்து சேர்ந்தவர்கள் ஹெட்டுக்கும் எஞ்சின் ப்ளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கக்கூடியவை:

ஹோஸ் சோதனை. இரவு முழுக்க ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்குங்கள். தண்ணீர் சூடாகாதபோது அழுத்தம் வரக் காரணமே இல்லை. கல்லாக இருந்தால் சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு உள்ளே வருகிறது.

குமிழி. மூடியைத் திறந்து வைத்துக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் முதலில் சில குமிழி வரும், அது அடைபட்ட காற்று. காற்றெல்லாம் வெளியேறிய பிறகும் விடாமல் வந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினால், கேஸ்கட்தான்.

புகை. குளிர் காலையில் சைலன்சரில் சிறிது நேரம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது.

எண்ணெய். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிர்நிறக் குழம்பு இருந்தால் குறுகிய தூரம் ஓட்டும் வண்டியில் ஈரம் படிந்ததாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலேயே எண்ணெய் பால் கலந்த நிறத்தில் வந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்த எண்ணெய் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

உறுதி செய்ய ரசாயனச் சோதனைக் குழாய் ஒன்று கிடைக்கும். ரேடியேட்டர் வாயில் வைத்து அங்குள்ள காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்போது அது மஞ்சளாகும். திரவத்துக்குள் கூலன்ட் ஏறாதபடி ரேடியேட்டரில் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மஞ்சளானால் உங்கள் வேலை முடிந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்தோ ஏற்றியோ கொண்டுபோங்கள். பட்டறையில் ஹெட்டைக் கழற்றிப் புது கேஸ்கட்டை மட்டும் வைத்து மூட விடாதீர்கள். நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட் கோணியிருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள், எஞ்சின் ப்ளாக்கின் மேல்பரப்பையும் சேர்த்து. கோணியிருந்தால் லேத்துக்கு அனுப்பி மட்டம் செய்யலாம், ஆனால் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போகக்கூடாது. கடுமையாகச் சூடான அலுமினிய ஹெட்டை விரிசலுக்கும் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ஒரே தடவை இறுக்கும்படி வடிவமைத்த ஹெட் போல்ட் உள்ள எஞ்சினில் போல்ட்டும் புதிதாக வர வேண்டும். கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம் என்பதால், மூடுவதற்கு முன் முதலில் சூடாக்கியது எது என்று கேளுங்கள்: விசிறியா, ஹோஸா, தெர்மோஸ்டாட்டா. அதைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டுத்தான் கூலன்ட் ஊற்ற வேண்டும்.